மருமகனுக்கு எடுத்த கோடித்துணி

அத்தியாயம் பதினான்கு

"நாலு பேருக்கு முன்னால எனக்கு ஒரு பொன்னாடை போத்துங்கத்தே, அது போதும்" என்று ராஜபாண்டி வாசலில் வந்து நின்று கேட்டதும், வெள்ளைத்தாய் ஒரு சொல் மறுக்காமல் "போத்துறேன் மாப்ளே" என்று தலையாட்டியதும் போன வாரத்துக் கதை. அன்றிலிருந்து நாகஜோதி பெற்ற தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேச என்ன இருக்கிறது? ராஜபாண்டி அவளுடைய தங்கை யுவராணியின் புருஷன். யுவராணி செத்து இரண்டு வருஷமாகிறது. வயிற்று வலி தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டாள் என்றார்கள். அந்த நேரத்தில் தான் கமுதிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்ததாக ராஜபாண்டி சொன்னான். போர் லாரிகள் வைத்திருக்கிறவன், சொன்னால் ஊர் நம்பியது.

இப்போது அவன் அடுத்த மாப்பிள்ளைக் கோலத்துக்குத் தயாராகிவிட்டான். பெண் பெயர் பிரவீணா. பெண் வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், முதல் சம்சாரத்தின் வீட்டாருக்கு மனக்குறை ஏதும் உண்டா என்று. அதற்குத்தான் இந்தப் பொன்னாடை. இன்று மாலை, திருச்சுழி மண்டபத்தில்.

விடிந்ததும் விடியாததுமாக எம்.ரெட்டியபட்டி வீட்டில் வெள்ளைத்தாய் புறப்பட்டு நின்றாள்.

"நான் அருப்புக்கோட்டைக்குப் போயி துணி எடுத்துக்கிட்டு நேரா திருச்சுழிக்கு வந்துர்றேன்."

நாகஜோதி கண்ணாடியைப் பார்த்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஒன்கிட்டதான் சொல்றேன்."

"நல்லதா எடும்மா. அகலமா சரிகை வச்சு எடு. மகளைக் கொன்னவன் தோள்ல கெடக்கப் போறது. மட்டமா இருந்தா அவுக கௌரவம் என்னாகுறது?"

வெள்ளைத்தாய் மஞ்சள் பையை மடித்து இடுக்கிக்கொண்டாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அய்யா அன்னைக்குச் செஞ்சதும் இதுதான். நீ இன்னைக்குச் செய்யப் போறதும் இதுதான். ரெண்டு பேருமாச் சேந்து அவளை ரெண்டு தரம் பொதைக்கிறீக."

மூலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த தகப்பன் பால்ச்சாமிக்கு அது கேட்டது. மில் வாட்ச்மேன் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். பதில் சொல்ல அவருக்கு வாய் கிடையாது.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். விழுந்துவிட்டால், அந்த வீட்டுக்கு மனக்குறை இல்லை என்று பொருள். பிறகு தலைகீழாக நின்று கத்தினாலும் ஊர் காது கொடுக்காது. அன்று பாலவனத்தத்தில் ராஜபாண்டி வீட்டுக்கு இவர்கள் போய் இறங்கியபோது யுவராணியைக் குளிப்பாட்டிப் பட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுப் பெண்கள் வருவதற்கு முன்னால் குளிப்பாட்டுவது எந்த ஊர் வழக்கம்? வெள்ளைத்தாய் அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் பால்ச்சாமி கையிலிருந்த கோடிச் சேலையை மகள் மேல் போட்டுவிட்டார். போலீஸ் வந்து பிணத்தை அறுத்தால் மானம் போய்விடுமே என்று அவசரமாகப் போட்டார். சந்தேகம் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார். மானத்துக்குப் பயந்தவர் அன்றிலிருந்து மனைவி முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை.

"வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் பஸ்ஸுக்கு நடந்தாள்.

---

அருப்புக்கோட்டை கடைவீதியில் அந்த ஜவுளிக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. முதல் போணி. விற்கிற பெண் சிரித்த முகமாக வந்தாள்.

"வாங்கம்மா, என்ன பாக்குறீக?"

"கோடி வேணும்."

பெண்ணின் சிரிப்பு அடங்கியது. "ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"ஆம்பளைக்கு. வேட்டி குடு."

"வயசானவுகளா?"

"எங்கிட்டு? முப்பத்தஞ்சு இருக்கும்."

"அடப் பாவமே. யாரு ஒங்களுக்கு?"

"மருமகன்."

பெண் 'உச்' கொட்டினாள். நல்ல வேட்டியாகத் தேடி எடுத்தாள். "எப்பிடிம்மா ஆச்சு?"

"செஞ்ச பாவம்" என்றாள் வெள்ளைத்தாய். வேட்டியைப் பிரித்து, இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு நூல் பிசிறில்லை.

"எப்ப எடுக்குறாக?"

"சாயங்காலம். நான் போகாம ஒண்ணும் நடக்காது. எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காக."

கல்லாவில் இருந்தவர் பழக்கத்தில் வேட்டி முனையில் தடவ மஞ்சள் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். என்ன துணி என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். கோடிக்கு மஞ்சள் தடவுவதில்லை.

"பொன்னாடை வச்சு வருமே, அந்த அட்டைப் பெட்டி ஒண்ணு கெடைக்குமா? வெறும் பெட்டி."

"பெட்டி எதுக்கும்மா?"

"தூசி படாமக் கொண்டு போகணும்."

கேட்டவளுக்குக் குழப்பம்தான். ஆனாலும் சாவு வீட்டுக்காரியிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? பெட்டி கிடைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டபோது, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வெள்ளைத்தாய்க்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. பழி வாங்கப் போகிறவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவளுக்கே தெரியாது.

---

திருச்சுழி மண்டபத்தில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. ராஜபாண்டியின் படம் போட்ட பேனரில் 'பெண்மையைக் காக்க வந்த பெருந்தகையே' என்று எழுதியிருந்தது. நாகஜோதி அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலிகளை வரிசைப்படுத்தினாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். அந்த ஓநாய்க்குப் பேனர் வைத்ததை இப்போதுதான் பார்க்கிறாள்.

அவள் வேலை செய்வது தங்கச்செல்வி நடத்தும் மகளிர் அமைப்பில். வீட்டுக்குள் பெண்கள் அடிபடுவதைத் தடுக்க இந்த ஊர்ப் பெண்களே கண்டுபிடித்த வழி ஒன்று அவர்களிடம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு யாரும் யார் வீட்டிலும் உறைமோர் கேட்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். லட்சுமி போய்விடும் என்பார்கள். அதனாலேயே, அடி சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், "உறைமோரு இருக்கா?" என்று கதவைத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் தட்டினால் மோருக்காக இல்லை என்று உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும். ஒருத்தி தட்டி அடங்காவிட்டால் அடுத்தடுத்து நாலு கிண்ணம் வரும்.

தொடங்கிய இரண்டு ஊர்களில் பலன் இருந்தது. அதைப் பார்த்த சென்னை அறக்கட்டளை ஒன்று, இருபது ஊர்களில் மூன்று வருஷம் இதை நடத்தவும், எங்கே அடி குறைகிறது, எங்கே குறையவில்லை, ஏன் என்று ஆராயவும் நிதி கொடுக்க முன்வந்தது. ஒரே நிபந்தனை, அலுவலகத்துக்கு உள்ளூரில் யாராவது இடம் தர வேண்டும். பூட்டிக் கிடந்த தன் பருத்திக் குடோனைத் தருகிறேன் என்று முந்திக்கொண்டு வந்தவன் ராஜபாண்டி. அதற்குத்தான் இன்று இந்தப் பாராட்டு விழா.

"வேற ஆளே இல்லையாக்கா?" என்று நாகஜோதி அப்போது கேட்டாள்.

"நானும் அலைஞ்சிட்டேன் ஜோதி. இவரு இல்லேன்னா பணம் வேற ஜில்லாவுக்குப் போயிரும். அடிபடுற புள்ளைகளுக்கு யாரு இடம்னா என்ன?" என்றாள் தங்கச்செல்வி. அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் நாகஜோதிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஏனென்றால் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு.

பாலவனத்தத்தில் திட்டத்துக்கு முந்தைய ஆய்வுக்காக வீடு வீடாகப் பேசியபோது, யுவராணியின் பக்கத்து வீட்டு அமுதவள்ளி எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் உடைந்துபோனாள். அந்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைப்பதற்குள் வாங்கிவிடலாம் என்று அவள் நிஜமாகவே உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு யுவராணி வாசலுக்குப் போயிருக்கிறாள். உள்ளே அலறல் கேட்டது. அடி கேட்டது. பிறகு டிவி சத்தம் கூடியது. தட்டக் கையை ஓங்கியவள், அதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது, இந்த நேரத்தில் என்னத்தைக் கேட்பது, ஏதாவது சொல்லிவிட்டால் என்று திரும்பிவிட்டாள். மறுநாள் காலையில் பிணம்தான்.

"எம் பேரு வெளிய வந்துறக் கூடாது மதினி. எங்க வீட்டுக்காரரு அவுக லாரிதான் ஓட்டுறாரு" என்று காலைப் பிடித்தாள். வராது என்று நாகஜோதி சத்தியம் செய்திருந்தாள். ஆய்வில் சொன்னவரின் பெயர் ஒரு தடவை வெளியே போனால் இருபது ஊரிலும் இனி ஒருத்தி வாய் திறக்க மாட்டாள்.

அந்தப் பெயர் வெளியே போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துதான் இன்று வந்திருக்கிறாள். திட்டத்தை விளக்க மேடையில் அவளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். அதில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறாள். நிதி போகட்டும், வேலை போகட்டும். அவன் இந்த மேடையிலிருந்து சுத்தமாக இறங்கக் கூடாது.

கைகழுவும் இடத்தில் அமுதவள்ளி அவளை மடக்கினாள். குழுப் பெண்களோடு வேனில் வந்திருக்கிறாள். வியர்த்து வழிந்தது.

"மதினி, மேடையில பேசப் போறீகளாமே."

"ஆமா."

"எம் பேரு..."

நாகஜோதி அவள் முகத்தைப் பார்த்தாள். ஜாக்கெட் கைக்குக் கீழே பச்சையாகக் கன்றிய அடித் தடம் ஒன்று இருந்தது. லாரி ஓட்டுகிறவன் வீட்டிலும் விளக்கு வைத்த பிறகு இதே கதைதான் என்று புரிந்தது. இவள் பெயரைச் சொன்னால் அடுத்த கோடி இவளுக்கு விழும்.

"வராது" என்றாள் நாகஜோதி. அதைச் சொல்ல அவளுக்கு உயிர் போனது.

---

ராஜபாண்டி வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். பிரவீணாவும் அவள் பெற்றோரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். பிரவீணாவுக்கு யுவராணியின் வயதுதான் இருக்கும். மாப்பிள்ளையைப் பார்க்காமல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி மேடையேறினாள். உறைமோர் பற்றிச் சொன்னாள், இருபது ஊர் பற்றிச் சொன்னாள். மற்றதை முழுங்கினாள். இறங்கும்போது ராஜபாண்டி மைக்கில் கேட்காமல் மெல்ல, "நல்லாப் பேசுனீக மதினி" என்றான். அவன் கழுத்தைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது.

பிறகு அவன் பேசினான். "பொம்பளைக கண்ணீர் விடுற வீடு வெளங்காதுங்க. எஞ் சம்சாரம் போனதுலருந்து எனக்கு ஒரே நெனப்புதான். இனிமே ஒரு பொண்ணு கண்ணுல தண்ணி வரக் கூடாது." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். கூட்டம் கை தட்டியது.

"இப்ப நம்ம ராஜபாண்டி அண்ணனுக்கு, அவரு மாமியாரு வெள்ளைத்தாய் அம்மா பொன்னாடை போத்துவாங்க" என்று மைக் அழைத்தது.

வெள்ளைத்தாய் அட்டைப் பெட்டியோடு படியேறினாள். நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். அதனால் பெட்டி திறந்ததை அவள் பார்க்கவில்லை. கூட்டம் சட்டென்று அடங்கியதைத்தான் கேட்டாள்.

நிமிர்ந்தபோது, குனிந்து கும்பிட்டு நின்ற ராஜபாண்டியின் தலையிலிருந்து முழங்கால் வரை வெள்ளை வேட்டி மூடிக் கிடந்தது. மஞ்சள் தடவாத கோடி. வெள்ளைத்தாய் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். மார்பில் ஓங்கி அறைந்துகொண்டாள்.

"குளுப்பாட்ட வந்தேனே, எனக்கு முன்னக் குளுப்பாட்டி வச்சாகளே
காயத்தைப் பாக்காமக் கண்ண மூடி அனுப்புனேனே..."

"அத்தே, என்ன செய்றீக?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. தலையை விடுவித்துக்கொண்டான், வேட்டி தோளில் சிக்கியது. "ஏலே, யாராச்சும் எடுங்கலே இத."

அவன் ஆட்கள் மேடையோரம் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவனும் அசையவில்லை. விழுந்த கோடியை எடுக்க எவன் கை நீட்டுவான்? பக்கத்திலிருந்த பெரிய மனிதர்கள் நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவனேதான் உருவிப் போட வேண்டியிருந்தது.

வெள்ளைத்தாய் நிறுத்தவில்லை. ஒருத்தி மாரடித்து அழும்போது அவளைத் தனியாக விட இந்தச் சீமைப் பெண்களுக்குத் தெரியாது. முதலில் இரண்டு பேர் எழுந்தார்கள், பிறகு நாலு பேர். மேடைக்கு முன்னால் வளையமாகத் தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். அந்த வளையத்துக்குள் கடைசியாகப் புகுந்தவள் அமுதவள்ளி.

எல்லோர் குரலையும் தாண்டி அவள் குரல் எழுந்தது.

"உறைமோரு வாங்க வந்தேன் யுவராணி, ஒன் வாசல்ல நின்னேனே
மச்சான் வேணாமின்னு நீ அலறுனது கேட்டேனே
டிவி சத்தம் கூடையில திரும்பி நான் போனேனே
விளக்கு வச்ச நேரமுன்னு ஒன்ன விட்டுப் போனேனே..."

பெயர் வரக் கூடாது என்று கெஞ்சிய வாய், ஒப்பாரியில் சொல்கிறது. ஒப்பாரியில் சொல்வதை நடுவில் நிறுத்த எந்த ஆம்பளைக்கும் உரிமை கிடையாது. செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. நாகஜோதி அந்தப் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

பிரவீணா எழுந்து மேடைக்கு நேராக வந்தாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"டிவிய எதுக்குக் கூட்டி வச்சீக?"

"அட, அன்னைக்கு மேட்ச்சும்மா. மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தேன். இவளுக சொல்றாளுகன்னு..."

சொன்னவனுக்கே அப்புறம்தான் உறைத்தது.

"கமுதியில இருந்தேன்னு சொன்னீகளே மாப்ளே."

கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். வாட்ச்மேன் சட்டையோடு பால்ச்சாமி நின்றார். இரண்டு வருஷமாக வாய் இல்லாத மனிதர். கூட்டம் வழிவிட, நடந்து முன்னால் வந்தார். மேடையில் சுருண்டு கிடந்த கோடியைப் பார்த்தார். அப்புறம் மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

"அன்னைக்குப் போட்டவன் நாந்தான். அத நாந்தான் எடுக்கணும். ஸ்டேஷனுக்குப் போறேன். வாரியா?"

வெள்ளைத்தாய் கண்ணைத் துடைக்காமல் முந்தானையை இடுப்பில் செருகினாள். "நடங்க."

பிரவீணாவின் தகப்பனார் மகளின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். சென்னை அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த அம்மாள் தங்கச்செல்வியிடம், "இடம் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"அந்தக் குடோன் வேணாம்மா. வேப்ப மரத்தடியில நடத்துறோம். பணம் தர்றதும் தராததும் ஒங்க இஷ்டம்" என்றாள் தங்கச்செல்வி.

---

ஸ்டேஷன் படியில் கால் வைக்கும்போது நாகஜோதி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லியிருந்தா ஒன் மூஞ்சியிலயே அவன் கண்டுபிடிச்சிருப்பான். நீ என்னத் திட்டத் திட்டத்தான் அவன் நம்புனான்."

உள்ளே எழுத்தரிடம் பால்ச்சாமி சொல்லத் தொடங்கியிருந்தார். எழுத்தர் நிமிர்ந்து, "அலறல் கேட்டதாச் சொன்ன பொம்பளை எங்க? அவுக வந்து சொல்லணும்ல" என்றார்.

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே வந்துகொண்டிருந்த அமுதவள்ளியைக் காணவில்லை.

ரோட்டில் ராஜபாண்டியின் வெள்ளைக் கார் வேகமாகப் போனது. அதன் பின்னாலேயே ஒரு பைக். ஓட்டியவன் அமுதவள்ளியின் புருஷன். பின்னால் அவள். ஒரு கணம் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்தாள், கையை அசைக்கக்கூடப் பயந்தவளாக. பாலவனத்தம் போக வேண்டிய பைக் நரிக்குடி ரோட்டில் திரும்பியது. அந்தப் பக்கம்தான் ராஜபாண்டியின் தோட்டத்து வீடு.

எதிர்க்கடையில் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நாகஜோதி போனை எடுத்தாள்.

"தங்கச்செல்வி அக்கா, நரிக்குடி ரோட்டுல நம்ம குழுப் பொம்பளைக யார் யாரு இருக்கா? எல்லாரையும் ராஜபாண்டி தோட்டத்து வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. ஆமா, இப்பவே. விளக்கு வச்சாச்சுல்ல? கையில கிண்ணத்தோட போகச் சொல்லுங்க."